கடைசி வளைவு – 14: குதிரைக்கா, உனக்கா?

போன வாரம் கமலத்தைத் தேக்கா சந்தை மாடியில் அவளுடைய தையல் கடையிலேயே நிற்க வைத்துவிட்டு வந்தோம். கையில் மஞ்சளும் பச்சையுமாக ஜாக்கி சட்டைத் துணி. நெய்னா முகம்மது தன் குதிரையை ரேஸில் ஓட்டப்போகிறவருக்காகப் புதிதாகத் தைக்கக் கொடுத்தது. அளவுக்கென்று அவர் வைத்துவிட்டுப் போன பழைய சட்டையைப் பிரித்ததுமே கமலத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அக்குளில் இருந்த ஒட்டு அவள் கையாலேயே போட்டது. அது அவள் மகள் ரோஷினியின் சட்டை! காலைப் பயிற்சிக்கு மட்டும்தான் குதிரை ஏறுவேன், ரேஸுக்கு இனி ஏறவே மாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்த அதே மகள்.

அம்மாக்காரி கொஞ்ச நேரம் அங்கேயே பொருமிக்கொண்டு இருக்கட்டும். வியாழக்கிழமை விடியற்காலையில் கிராஞ்சி பந்தயத் திடலில் மகள் படுகிற பாட்டை முதலில் பார்த்துவிடுவோம்.

ரோஷினி செவலையின் முதுகில் உட்கார்ந்திருந்தாள். பதிவில் அவன் பேர் தேக்கா எக்ஸ்பிரஸ். லாயத்தில் எல்லோருக்கும் அவன் செவலைதான். மூன்று வயசுக் குதிரை, இன்னும் ஒரு ரேஸ் கூட ஜெயித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை ஜெயித்துவிடுவான் என்று ஊரே பேசிக்கொண்டது. அதற்கு முன்னால் இன்றைக்கு ஒத்திகை ஓட்டம், ட்ரையல்.

கடிவாள வாரைப் பிடித்த அவள் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கையுறை போட்டிருந்ததால் யாருக்கும் தெரியாது என்று ஒரு நம்பிக்கை, அவ்வளவுதான்.

ஏப்ரலில் விழுந்ததிலிருந்து இப்படி. அன்றைக்கு ஒரு சாம்பல் நிறக் குதிரை. கடைசி வளைவில் முன்னங்கால் முறிந்து தலைகீழாகப் போனது. ரோஷினிக்குக் கழுத்தெலும்பு உடைந்தது. குதிரையைச் சுற்றித் திரை கட்டி அங்கேயே ஊசி போட்டுக் கொன்றுவிட்டார்கள். எலும்பு கூடிவிட்டது. பயம் மட்டும் போகவில்லை. அப்பாவிடம் சொல்லவில்லை, அம்மாவிடம் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

கேட் திறந்தது.

செவலை என்ன குதிரை தெரியுமா! பாய்ந்தான். கூட ஓடிய மற்றதெல்லாம் பின்னால் போய்விட்டன. ரோஷினி அவனை அடக்கிப் பிடித்தபடி வளைவுக்கு வந்தாள். இடது பக்கம் சாய்ந்தார்கள்.

அங்கேதான் அது நடந்தது. அவனுடைய இடது முன்னங்கால் தரையில் முழுசாக ஊன்றவில்லை. சுட்டதுபோல் சட்டென்று எடுத்துக்கொண்டான். ரெண்டே ரெண்டு எட்டு. அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல் நேர்ப்பாதைக்கு வந்து, அவள் கேட்காமலே வேகமெடுத்து, சும்மா ஜெயித்துவிட்டான்.

அந்தச் சாம்பல் குதிரையும் விழுவதற்கு முன்னால் இப்படித்தான் ரெண்டு எட்டு வைத்தது.

கம்பி வேலியோரம் அப்பா ரத்னவேல் நின்றிருந்தார். பயிற்சியாளர். பதினைந்து குதிரை வைத்திருந்த லாயத்தில் இப்போது நாலைந்துதான் மிச்சம். வருகிற அக்டோபரோடு கிராஞ்சியில் ரேஸே கிடையாது, மூடுகிறார்கள் என்று ஆனபிறகு ஆளாளுக்குக் குதிரையை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

"எப்படிம்மா?" என்றார்.

இந்தத் தொழிலில் இந்த ஒரு கேள்விக்குத்தான் மரியாதை. கடிகாரம் நேரத்தைச் சொல்லும், வீடியோ ஓட்டத்தைக் காட்டும். முதுகில் இருந்தவளுக்கு மட்டும் தெரிகிற சங்கதியை அவள் வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு.

"கேட்ல இருந்து கிளம்பினது சூப்பர்ப்பா. ஸ்ட்ரெய்ட்ல நான் ஒண்ணும் பண்ணல, அவனாவே போனான். ஆனா..."

"ஆனா?"

"வளைவுல இடது முன்னங்கால் ஒரு மாதிரி. ஊனாம தூக்கிக்கிட்டான். ரெண்டே எட்டுதான். அப்புறம் சரியாயிட்டான்."

ரத்னவேல் குதிரையின் காலைப் பார்க்கவில்லை. அவள் கையைப் பார்த்தார். கையுறையை எப்போது கழற்றினாள் என்று அவளுக்கே தெரியாது. விரல்கள் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தன.

"குதிரைக்கா, உனக்கா?" என்று கேட்டார்.

குரலில் கோபம் இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

குதிரையை லாயத்துக்குக் கொண்டுபோனார்கள். வெங்கட் மாமா குழாய்த் தண்ணீரில் நாலு காலையும் கழுவிவிட்டார். கமலத்தின் தம்பி, செவலையைப் பிள்ளைபோல் வளர்க்கிறவர். அப்பா குனிந்து காலை மேலிருந்து கீழே தடவிப் பார்த்தார். நேராக ஓட்டிக் காட்டச் சொன்னார். செவலை ஜம்மென்று ஓடிக் காட்டினான். நொண்டலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

"ஒண்ணுமே இல்லையே ரோஷி" என்றார் வெங்கட் மாமா. அவள் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர்க் குழாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்.

அப்பா அவளைத் தனியாக அழைத்தார்.

"இங்க பாரு. முத ரேஸ்ல கேட்ல தூங்கிட்டு நின்னான், அஞ்சாவதா வந்தான். ரெண்டாவதுல மூணாவது. கடைசி இருநூறு மீட்டர்ல அவன் ஓடின ஓட்டம் அன்னிக்கு ஒருத்தனும் ஓடல. ஞாயித்துக்கிழமை எதிர்ல ஓடறது எல்லாம் சொத்தை. கேட் நம்பர் ரெண்டு, உள்பக்கம். இவன் ஜெயிக்கலைன்னா வேற எவன் ஜெயிப்பான்?"

"தெரியும்ப்பா."

"நீ அப்ரண்டிஸ், கத்துக்குட்டி ஜாக்கி, குதிரை சுமக்கிற வெயிட்ல உனக்குச் சலுகை உண்டு. அதனால உன்னத்தான் போடணும்னு நெய்னா பாய் பிடிவாதமா நிக்கிறாரு. நான் உன் பேரைச் சொல்லல. அவரா கேட்டது. பயமா இருந்தா சொல்லிடு. தப்பே இல்ல. வேற ஆளப் போட்டுக்கறேன். சாயங்காலம் அவர் வருவாரு, அதுக்குள்ள யோசி."

யோசிக்க என்ன இருக்கிறது? அந்தக் கால் நிஜமாகவே மக்கர் செய்ததா, இல்லை பயந்தாங்கொள்ளி உடம்பு இல்லாததை இருப்பதாகக் காட்டியதா? அது தெரிந்தால்தானே யோசிக்க. நேற்றுவரை தன் உடம்பு சொன்னதை நம்பித்தான் அவள் குதிரை ஓட்டினாள். இன்றைக்கு அதையே நம்ப முடியவில்லை.

அம்மாவைப் பார்க்கத் தேக்காவுக்குப் போகிற ரயிலில் உட்கார்ந்து கண்ணை மூடினாலும் அந்த ரெண்டு எட்டுதான் வந்தது. நியூட்டன் ஸ்டேஷனில் ரயில் மாறவேண்டியதைக்கூட மறந்து, கதவு மூடுகிற நேரத்தில் ஓடி இறங்கினாள்.

தேக்கா மாடியில் மதியக் கூட்டம் குறைந்திருந்தது. கமலம் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மகளைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை. மஞ்சள் பச்சைச் சட்டையை எடுத்து மேஜைமேல் போட்டாள். தைத்து முடித்து இஸ்திரி போட்டிருந்தது.



"அம்மா..."

"இடுப்பைக் கொஞ்சம் பிடிச்சுத் தைச்சிருக்கேன். இளைச்சுப் போயிருக்க. சோறு இறங்கலையோ?"

"சொல்லணும்னுதான் இருந்தேன்மா."

"எப்ப? ஆஸ்பத்திரியிலேருந்து போன் வந்த பிறகா?" கமலம் மெஷினைத் தட்டிக் காட்டினாள். "நீ விழுந்த அன்னிக்கு இதே மெஷின்லதான் உக்காந்திருந்தேன். போன்ல உன் அப்பா உன் பேரைச் சொல்றாரு, என் விரல்ல ஊசி ஏறினதுகூட எனக்குத் தெரியல. ரத்தத்தைப் பாத்து அடுத்த கடைக்காரி கத்தினா."

ரோஷினி ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"போகாதேன்னு சொன்னா நீ இன்னொரு பொய் சொல்லிட்டுப் போவ. அதனால சொல்ல மாட்டேன். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. பயமா இருக்கா?"

நாலு மாசமாக யாரும் இப்படிக் கேட்கவில்லை. அப்பா கேட்டது வேறு. அவளுக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது.

"இருக்கும்மா. ரொம்ப. குதிரைமேல ஏறினாலே வாந்தி வருது."

"அடிப் பாவி! அப்பாகிட்ட சொல்லேன், வேற ஆளப் போடுவாரு."

"போடுவாரும்மா. அந்த ஆளு விழுந்தா?"

தையற்காரிக்குக் குதிரையைப் பற்றி என்ன தெரியும்? ஆனாலும் மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே காலைச் சங்கதியைச் சொல்லச் சொல்ல, ஒரு வார்த்தை விடாமல் கமலம் கேட்டாள். முடிந்ததும் முந்தானையால் மகள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"முதல்ல சாப்பிடு. வா, கீழ மீன் வாங்கிட்டு வீட்டுக்குப் போவோம்."

கீழே சந்தையில் கடைகள் ஒவ்வொன்றாகக் கழுவி மூடிக்கொண்டிருந்தார்கள். மீன்கடை அஹமது கபீர் இவர்களைப் பார்த்ததும் கையை ஆட்டினார்.

"அக்கா, நல்ல வேளை வந்தீங்க! உங்க தம்பி எங்க? டப்பா ரெடியா வெச்சு எவ்ளோ நேரமாச்சு. நான் கடைய மூடணும்லா."

"என்ன டப்பா?"

"ஐஸ்க்கா. தினம் மதியம் வந்து ஒரு டப்பா வாங்கிட்டுப் போவாரே. குதிரைக்கு மீன் குழம்பான்னு கூடக் கேட்டேன். சிரிச்சிட்டுப் போயிட்டாரு."

கமலம் சிரித்தாள். ரோஷினி சிரிக்கவில்லை.

"எத்தனை நாளா, அண்ணே?"

"ஒரு ரெண்டு மூணு வாரம் இருக்கும். ஏன்மா?"

லாயத்திலேயே பெரிய ஐஸ் மெஷின் இருக்கிறது. சுவிட்சைத் தட்டினால் வாளி வாளியாகக் கொட்டும். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுத்தால் நாலு பேர் பார்ப்பார்கள், எந்தக் குதிரைக்கு, எந்தக் காலுக்கு என்று கேட்பார்கள். யாரும் கேட்கக்கூடாது என்றால்தான் கிராஞ்சியிலிருந்து தேக்காவுக்கு வந்து மீன்கடையில் ஐஸ் வாங்க வேண்டும்.

அப்பா தினமும் ரெண்டு வேளை குதிரைகளின் காலைத் தொட்டுப் பார்ப்பார், காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை. உள்ளே அடிபட்ட கால் என்றால் சூடு காட்டும். அதை வைத்துத்தான் எந்தக் குதிரை ஓடலாம், எது நிற்கணும் என்று முடிவு. அவர் கை வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஐஸ் வைத்துவிட்டால்?

"டப்பாவைக் கொடுங்கண்ணே. நான் கொண்டுபோறேன்."

"ரோஷி, எங்கடி? சாப்பாடு?" என்று கமலம் பின்னாலேயே வந்தாள்.

"வந்து சாப்பிடறேன்மா." அவள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு டாக்ஸியைக் கையைக் காட்டி நிறுத்தினாள்.

லாயம் வெயிலில் அடங்கிக் கிடந்தது. மின்விசிறிகள் மட்டும் ஓடின. செவலை அவளைப் பார்த்ததும் மூக்கால் அவள் சட்டைப் பையை இடித்தான். அவனுக்கு அங்கே கேரட் இருக்கவேண்டும்.

"இருடா. முதல்ல காலைக் காட்டு."

வலது முன்னங்காலைத் தொட்டாள். ஜில்லென்று இருந்தது. இடதைத் தொட்டாள். முட்டிக்குக் கீழே, பின்பக்க நரம்போடு விரலை இறக்கினாள்.

அடுப்பை அணைத்துக் கொஞ்ச நேரமே ஆன தோசைக்கல் போலச் சுட்டது. லேசாக அழுத்தினாள். செவலை விசுக்கென்று காலை இழுத்துக்கொண்டு காதுகளைப் பின்னால் மடித்தான்.

ரோஷினி வைக்கோலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்பாடா, எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை என்று ஒரு நொடி நினைத்தாள். அடுத்த நொடியே வேறொன்று உறைத்தது. இந்தக் காலோடு இன்றைக்குக் காலையில் அவனை முழு வேகத்தில் ஓட்டியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பத்துப் பன்னிரண்டு குதிரைகளுக்கு நடுவில், உள்பக்கக் கம்பியை ஒட்டி, அதே வளைவு. அவன் விழுந்தால் பின்னால் வருகிறவர்களும் விழுவார்கள்.

"ரோஷி? நீ எங்க இங்க?"

வெங்கட் மாமா வாசலில் நின்றார். அவர் கண் முதலில் ஐஸ் டப்பாவைத்தான் பார்த்தது.

"கபீர் அண்ணன் கொடுத்துவிட்டாரு" என்றாள். "எங்க வைக்கட்டும்? இடது காலுக்கா?"

அவர் கதவுக் கட்டையைப் பிடித்துக்கொண்டார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன். முகமே காட்டிக்கொடுத்துவிட்டது.

"கத்தாத. வெளிய கேக்கும்."

"எத்தனை நாளா இப்படி?"

"லேசாத்தான் இருந்துச்சு. ஐஸ் வெச்சா இறங்கிடும்னு நெனச்சேன். இறங்கவும் செஞ்சுது. அப்புறம் மறுபடி..." அவர் ஒருதரம் வாசலைத் திரும்பிப் பார்த்தார். "அக்டோபருக்கு அப்புறம் இவனை எங்க வெச்சுக்கறது? ஒரு ரேஸ் ஜெயிச்சவன்னா எல்லை தாண்டி ஈப்போவுல, பினாங்குல ரேஸுக்கு எடுத்துக்குவாங்க. ஒண்ணுகூட ஜெயிக்காத, காலும் கெட்ட குதிரையை யாரு எடுப்பா? இவனை என்ன செய்வாங்கன்னு உனக்குத் தெரியாதா? ஒரே ஒரு ஜெயிப்பு ரோஷி. அதுக்கப்புறம் ஆறு மாசம் ரெஸ்ட் எடுக்கட்டும்."

"நான் செத்தா?"

"ஐயோ, அப்படிச் சொல்லாத! நீ ஏறப்போறேன்னு எனக்குத் தெரியாது. போன வாரம்தான் நெய்னா பாய் உன் பேரைச் சொன்னாரு. அன்னியிலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல."

"வேற யாராவது ஏறினா பரவாயில்லையா மாமா?"

அவர் செவலையின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். குதிரைக்கு என்ன தெரியும், அவர் தோளை நக்கிக்கொடுத்தது.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றார். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

வெளியே கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. நெய்னா முகம்மதுவின் குரல், பெரிய சிரிப்போடு. தேக்காவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறவர். ஆயுசில் முதல் குதிரை இது. கூட அப்பாவின் குரல்.

"ரோஷி, ஒரு பத்து நிமிஷம் கொடு" என்று வெங்கட் மாமா டப்பாவை எடுக்கக் குனிந்தார். "இப்ப சூடா இருக்கு, இப்ப யாரும் தொட வேணாம்."

ரோஷினி டப்பாவின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"அட, ஜாக்கியம்மா இங்கதான் இருக்கீங்களா!" நெய்னா முகம்மது உள்ளே வந்தார். "என்னம்மா, நம்ம ஆளு ஞாயித்துக்கிழமை எப்படி? கடைல எல்லாருக்கும் அன்னிக்கு பிரியாணி ஃப்ரீன்னு சொல்லிட்டேன்."

இதுதான் நேரம். இப்போது விட்டால் அவ்வளவுதான். அவள் எழுந்தாள்.

"அப்பா, இடது காலைத் தொட்டுப் பாருங்க. இப்பவே."

ரத்னவேல் வெங்கட்டைப் பார்த்தார். வெங்கட் தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் அப்பா குனிந்து கையை வைத்தார். முட்டியிலிருந்து மெல்லக் கீழே இறங்கிய கை பாதி வழியில் நின்றது. ரோஷினி கண்ணால் பார்த்தாள், சத்தியமாக நின்றது. கட்டைவிரல் ஒருதரம் அழுத்தியது. செவலை காலை இழுத்துக்கொண்டான்.

அப்பா நிமிர்ந்தார். நெய்னா முகம்மதுவைப் பார்த்தார். அப்புறம் மகளைப் பார்த்தார்.

"ஜில்லுனு இருக்கு" என்றார்.

சின்ன வயசில் ரோஷினிக்குக் காய்ச்சல் வந்தால் தெர்மாமீட்டர் வைப்பதற்கு முன்னால் அந்தக் கை சொல்லிவிடும். ஒருநாளும் தப்பியதில்லை.

"அப்பா!"

"ஒண்ணும் இல்ல." அவர் அவளிடம் பேசவில்லை, நெய்னா முகம்மதுவிடம் பேசினார். "விழுந்ததுலேருந்து பிள்ளைக்கு மனசு சரியில்ல பாய். எல்லாக் குதிரையும் விழுற மாதிரியே தோணுது. ஞாயித்துக்கிழமை இவ வேணாம், நல்ல அனுபவசாலியா ஒருத்தனைப் போட்டுக்கலாம்."

செவலையைப் பார்த்து, வளைவை நினைத்து, கேட்டை நினைத்து இத்தனை நாள் பயந்தாள். அதெல்லாம் ஒரு பயமா? இப்போது அப்பாவின் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. ஓடிப்போய்விடலாம் போலிருந்தது.

ஆனால் ஓடவில்லை.

"அங்கிள், உங்க கையைக் கொடுங்க."

"ரோஷினி!" அப்பா போட்ட சத்தத்தில் செவலையே திடுக்கிட்டுப் பின்வாங்கினான்.

அவள் நெய்னா முகம்மதுவின் மணிக்கட்டைப் பிடித்துக் குனியவைத்தாள். "நீங்களே தொடுங்க அங்கிள். முதல்ல வலது. இப்ப இடது."

குதிரை வைத்தியம் அவருக்கு ஒன்றும் தெரியாது. சூடு எது, சூடில்லாதது எது என்று தெரிய வைத்தியம் படிக்க வேண்டுமா? அவர் வலதைத் தொட்டார். இடதைத் தொட்டார். மறுபடி வலது, மறுபடி இடது. சிரிப்பு போய்விட்டது. கையை எடுக்காமலே அண்ணாந்து பார்த்தார்.

"ரத்னவேல், இது மேல ஞாயித்துக்கிழமை யாரோட பிள்ளைய ஏத்தப் போறீங்க?"



வெங்கட் மாமாதான் பேசினார். அழுதுகொண்டே பேசினார்.

"இதுக்கு மேல என்னால முடியாது அத்தான். ஐஸ் வெக்கச் சொன்னது யாருன்னு நீங்களே சொல்லிடுங்க."